நுரையீரல் கழுவிய தண்ணீர்

மயக்கம் தெளிந்து கண்ணைத் திறந்ததும் மாமியார் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை பாட்டில் வந்துச்சு?" என்பதுதான். பெற்ற மகன் எங்கே, மணி என்ன, மூக்குக் கண்ணாடி எங்கே, எதுவும் இல்லை. பாட்டில் கணக்குதான் முதலில். நர்ஸ் சிரிப்பை மறைக்க முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். மருமகளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அதே கேள்வியைக் கேட்கத்தான் அவளும் காலையிலிருந்து வராந்தாவில் தவித்துக்கொண்டிருந்தாள்.

மாமியாரின் நோய் அபூர்வமானது. நம் எல்லோருடைய நுரையீரலிலும் கோடிக்கணக்கான சின்னஞ்சிறு காற்றுப் பைகள் இருக்கின்றன. மூச்சை விடும்போது அவை சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருக்க, உட்சுவரில் கொழுப்பும் புரதமும் கலந்த மெல்லிய பூச்சு ஒன்று பரவியிருக்கும். பழைய பூச்சைத் தின்று தீர்ப்பதற்கென்றே அங்கே சில செல்கள் உண்டு. மாமியாரின் உடம்பில் அந்தச் செல்கள் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. பூச்சு சேர்ந்துகொண்டே போய், காற்று இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டது. நெஞ்சு கனத்து மூச்சு வாங்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுத்து, ஒரு நுரையீரல் மூச்சு விட்டுக்கொண்டிருக்க, மற்றதில் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை விட்டுக் கழுவுவார்கள். முதலில் வெளியே வருவது பார்ப்பதற்கு அசல் பால்தான். அது தெளிந்து வரும்வரை விடமாட்டார்கள்.

ஆஸ்பத்திரிக்கு அது கழிவு. மருமகளுக்கோ பொக்கிஷம். அவள் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் அந்தப் பூச்சிலிருக்கும் ஒரு புரதத்தைப் பற்றித்தான் ஆராய்ச்சி. ஆரோக்கியமானவர்களின் நுரையீரலிலிருந்து அது ஒரு சிட்டிகைகூடத் தேறாது. கல்யாணமாகி வந்த வீட்டில் மாமியாருக்கு இப்படியொரு நோய் என்று தெரிந்தபோது வேறு யாராவதாக இருந்தால் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இவள் கண்ணை அகல விரித்து, "அந்தத் தண்ணிய என்ன பண்றாங்க?" என்று கேட்டாள்.

"கொட்டிடுவாங்க" என்றான் கணவன்.

"என்னது, கொட்டிடறாங்களா?" மாமியாருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "மூச்சு முட்ட முட்ட நான் சேத்து வச்சத யாரைக் கேட்டுக் கொட்டறாங்க? எங்க கையெழுத்துப் போடணும்னு சொல்லு, போடறேன். உனக்கு எடுத்துக்க."

அன்றிலிருந்து ஆரம்பித்தது இந்த மாமியார் மருமகள் சிநேகம். உலகத்தில் எத்தனையோ மாமியார்கள் மருமகளுக்கு என்னென்னவோ கொடுத்திருக்கிறார்கள். நெஞ்சைக் கழுவி ஊற்றிக் கொடுத்தவர் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

மாமியாரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரில் பாதிப் பேருக்கு ஸ்டியரிங் பிடிக்கச் சொல்லிக்கொடுத்த கை அது. பழகுகிறவர்கள் பதறினால் தானே நிறுத்துவதற்காக அவர் பக்கத்து இருக்கையின் கீழும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்து, காரில் இல்லாதபோதும் வலது கால் சும்மா இருக்காது. பேரம் பேசும்போது, டிவியில் யாராவது தப்பான ஆளைக் காதலிக்கும்போது, மகன் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொள்ளும்போது, எப்போதும் தரையில் ஒரு மிதி விழும். ஊரார் வைத்த பெயர் பிரேக்கம்மா. அவருக்கும் அது தெரியும். தெரிந்து பெருமைதான்.

மகன் லிஃப்ட் மெக்கானிக். நல்ல பிள்ளை, வாய் திறந்து பேசுவது குறைவு. வீட்டில் இரண்டு பெண்கள் பேசுகிற பேச்சுக்கு அது போதுமானதாகவும் இருந்தது.

அந்தப் புரதம் இருக்கிறதே, அதன் அழகைச் சொல்லி முடியாது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் காம்போடு கட்டிய பூங்கொத்து மாதிரி இருக்கும். தலைகள் ஒவ்வொன்றும் கிருமியின் மேலுள்ள சர்க்கரையைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். பக்கத்தில் கொஞ்சம் கால்சியம் இருந்துவிட்டால் அது உடும்புப் பிடிதான். கிருமிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை, கொல்வது வேறு செல்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, சில கிருமிகளின் மேலுறையை அதுவே குலைத்து ஓட்டை போட்டுவிடுகிறது என்று. கத்தியில்லை, அமிலமில்லை. சும்மா போய் ஒட்டிக்கொள்கிறது, உறை கசிய ஆரம்பிக்கிறது, கிருமியின் உள்ளே இருப்பது வெளியே போகிறது, வெளியே இருப்பது உள்ளே வருகிறது, கதை முடிந்தது. நாம் தூங்கும்போதும் கடன்காரனுக்கு ஒளியும்போதும் ஒவ்வொரு மூச்சிலும் இது நடந்துகொண்டிருக்கிறது என்று நினைத்தால் மருமகளுக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும்.

அவள் எடுத்துக்கொண்ட கிருமி, நோயாளிகளின் நெஞ்சுச் சளியில் குடியேறி மருந்துக்கெல்லாம் டிமிக்கி கொடுக்கிற ஒன்று. இந்தப் புரதம் அதையும் ஓட்டை போடுமா என்பதுதான் கேள்வி. பார்ப்பதற்கு ஒரு சிவப்புச் சாயம் உண்டு. உறை முழுசாக இருக்கும் கிருமிக்குள் அந்தச் சாயம் நுழையவே முடியாது. ஓட்டை விழுந்தால் உள்ளே போய் ஒட்டிக்கொண்டு, நுண்ணோக்கியின் கீழ் சிவப்பாக ஒளிரும்.

மாமியாரின் தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த புரதத்தைக் கிருமிகளின் மேல் விட்டபோது பார்க்குமிடமெல்லாம் சிவப்பு. மருமகள் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். புரதம் கலக்காத வெறும் உப்புக் கரைசலைத் தனியாக வேறு கிருமிகளின் மேல் விட்டுப் பார்த்தாள். ஒரு பொட்டுச் சிவப்பில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "அத்தை, உங்க புரதம் கிருமிய ஓட்டை போட்டுருச்சு!" என்றாள்.

மாமியார் டிவியை அணைத்தார். பிறகு, "நான் அப்பவே நெனச்சேன்" என்றார். மறுநாளிலிருந்து கார் பழக வந்தவர்களுக்கெல்லாம் கியர் மாற்றுவதற்கு முன் இந்தக் கதைதான். "இப்ப என் பக்கத்துல உக்காந்திருக்கீங்கல்ல, எந்தக் கிருமியும் உங்க கிட்ட வராது, தைரியமா கிளட்ச்ச விடுங்க."

ஆய்வுக்கூடத் தலைவருக்கு 'அப்படியா' என்று பெயர். எந்த முடிவைக் கொண்டுபோய்க் காட்டினாலும் தலையைச் சாய்த்து, மிக மரியாதையாக, "அப்படியா?" என்பார். அதைக் கேட்டு அழுத ஆராய்ச்சி மாணவர்கள் உண்டு. மருமகளின் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "அப்படியா? ரொம்ப நல்லா இருக்கு. புரதத்தக் கொதிக்க வச்சு விட்டுப் பாத்தீங்களா?"

மருமகள் அப்படிச் செய்து பார்க்கவில்லை. புரதத்தைக் கொதிக்க வைத்தால் அதன் மடிப்பெல்லாம் குலைந்து பிடி விட்டுப்போகும். அதன் பிறகும் கிருமி செத்தால், கொன்றது புரதமல்ல என்று அர்த்தம்.

கொதிக்க வைத்தாள். விட்டாள். பார்க்குமிடமெல்லாம் அதே சிவப்பு.

அவள் செய்த தப்பு என்னவென்று கண்டுபிடிக்க வெகுநேரம் ஆகவில்லை. கொழுப்பிலிருந்து புரதத்தைப் பிரிக்கும்போது சோப்பு மாதிரி ஒரு பொருளைச் சேர்ப்பார்கள். அப்புறம் கரைசலை மெல்லிய சவ்வுப் பையில் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி ஊறப்போட்டால் சோப்பு மெல்ல வெளியேறிவிடும். பொறுமை வேண்டிய வேலை. மருமகள் அவசரப்பட்டு, ஊறப்போடுவதற்கு முன்பே கரைசலை வடிகட்டியில் போட்டுச் சுண்டவைத்திருந்தாள். சோப்பு கூட்டம் சேர்ந்துகொண்டால் வடிகட்டியின் கண்ணுக்குள் போகாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல, அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் போய்விட்டது, புரதத்தோடு சோப்பும் கெட்டியாகச் சேர்ந்து நின்றுவிட்டது. ஒப்பிட்டுப் பார்த்த உப்புக் கரைசலோ சோப்புப் பக்கமே போகாதது. கிருமியின் உறையைப் பிய்த்தது சோப்பு. பாத்திரம் கழுவுகிற யாருக்கும் தெரிந்த சங்கதியைக் கண்டுபிடித்துவிட்டு அவள் ஊரெல்லாம் தம்பட்டம் அடித்திருந்தாள்.

வீட்டில் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. சாப்பாட்டு மேஜையில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மகன் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினான்.

"அப்ப என் புரதம் ஒண்ணும் செய்யலையா?" என்றார் மாமியார்.

"செய்யுதா இல்லையான்னே தெரியாது அத்தை. சோப்பு எல்லாத்தையும் மறைச்சிருச்சு. மறுபடியும் முதல்லேருந்து பண்ணணும்."

"பண்ணு."

"பழைய தண்ணி ஒரே ஒரு சின்ன பாட்டில்தான் ஃப்ரீசர்ல இருக்கு. அது ஒரு தடவைக்கே பத்துமான்னு சந்தேகம். அதுவும் தப்பாப் போச்சுன்னா..." அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. மாமியாரின் கால் மேஜைக்கடியில் மெல்ல ஒரு மிதி மிதித்தது.

அதே வாரம் நெஞ்சு டாக்டரிடம் போனார்கள், மூன்று பேருமாக. டாக்டர் உற்சாகமாக இருந்தார். இந்த நோய்க்கு இப்போது மூச்சில் இழுக்கிற மருந்து கிடைக்கிறது, வேலைநிறுத்தம் செய்யும் செல்களை அது எழுப்பிவிடும் என்றார். தினமும் சின்ன மெஷினில் ஊற்றி இழுக்க வேண்டும். "ஒழுங்கா எடுத்துக்கிட்டீங்கன்னா இனிமே கழுவ வேண்டிய அவசியமே வராமப் போகலாம்மா."

மகன் அவ்வளவு அகலமாகச் சிரித்து யாரும் பார்த்ததில்லை. மாமியார் டாக்டரைப் பார்க்கவில்லை. மருமகளைப் பார்த்தார். மருமகள், "ரொம்ப சந்தோஷம் டாக்டர்" என்றாள்.

மெஷினும் மருந்தும் வந்தன. மருந்துக் குப்பிகளைப் பயிற்சிப் பள்ளி அலுவலகத்துக் குளிர்பெட்டியில் வைத்துக்கொள்வதாகவும், காலையில் முதல் ஆள் வருவதற்குள் அங்கேயே இழுத்துவிடுவதாகவும் மாமியார் ஏற்பாடு சொன்னார். "மருந்து எடுத்தீங்களா?" என்று கேட்டால், "அதெல்லாம் ஆச்சு" என்று பதில் வரும். யாரும் சந்தேகப்படவில்லை. பிரேக்கம்மா பொய் சொல்லுவார் என்று யாருக்குத் தோன்றும்?

ஆனால் அவர் மாடியேறும் விதம் மாறிக்கொண்டு வந்தது. திருப்பத்துக்குத் திருப்பம் நின்றார். ஒரு திருப்பத்தில் செருப்பு வாரைச் சரி செய்தார். இன்னொன்றில், தினமும் பார்க்கிற சுவரில் புதிதாக என்ன கண்டாரோ, உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். காரில் திட்டுவதும் குறைந்துபோனது. முன்பெல்லாம் ஒரு தப்புக்கு ஒரு பிரசங்கமே நடக்கும். இப்போது, "ம்... பாத்து" என்பதோடு சரி. பழகுகிறவர்கள் பிரேக்கம்மா சாந்தமாகிவிட்டார் என்று சந்தோஷப்பட்டார்கள். விவரம் கெட்டவர்கள். திட்டுவதற்கு அவரிடம் மூச்சு இல்லை என்பதுதான் விஷயம்.

மருமகளும் ஃப்ரீசரில் இருந்த பாட்டிலைத் தொடாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். இன்றைக்கு நுண்ணோக்கி சரியில்லை, நாளைக்குக் கிருமி சரியாக வளரவில்லை, ஏதோ ஒரு சாக்கு. கடைசிப் பாட்டில் என்பதுதான் காரணம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பயிற்சிக் கார் தெருமுனையில் டயர் காற்றிறங்கி நின்றது. குனிந்தால் மூச்சு வாங்கும் என்று மாமியாரை உட்காரச் சொல்லிவிட்டு, ஸ்டெப்னியை எடுக்க மருமகள் டிக்கியைத் திறந்தாள். ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், ஒரு பழைய போர்வையில் சுற்றி, மருந்து மெஷின் இருந்தது. அட்டைப் பெட்டியின் மேல் ஒட்டிய டேப் அப்படியே இருந்தது.

அவள் டிக்கியை மூடினாள். முன்னால் வந்து ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பெட்டி மடியில் இருந்தது.

"என்ன அத்தை இது?"

மாமியார் கண்ணாடி வழியாகத் தெருவைப் பார்த்தார். "பிரிக்கணும்னுதான் இருந்தேன்."

"எப்ப? மூச்சே நின்னதுக்கப்புறமா?" மருமகள் அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதில்லை. "டாக்டர் என்ன சொன்னாரு? நீங்க என்ன சொன்னீங்க? 'அதெல்லாம் ஆச்சு'ன்னு வாய் கூசாம தினமும்..."

"கத்தாத. சொல்றேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "இன்னொரே ஒரு தடவை கழுவிட்டா உனக்கு வேணுங்கற அளவுக்கு வந்துரும். அப்புறம் மருந்த ஆரம்பிச்சுக்கலாம்னு பாத்தேன். அவ்ளோதான். என்ன பெரிய கொலக் குத்தம் பண்ணிட்டேன்?"

"நான் கேட்டேனா? உங்க நெஞ்ச அடைச்சுத்தான் எனக்குத் தண்ணி வேணும்னு நான் எப்பவாவது கேட்டேனா?"

"கேக்கல" என்றார் மாமியார். "ஆனா டாக்டர் இனிமே கழுவவே வேணாம்னு சொன்னாரே, அப்ப உன் மூஞ்சியப் பாத்தேன். அப்புறம் சிரிச்ச. சிரிக்கறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் எப்படிப் போச்சு தெரியுமா? இத்தன வருஷம் பக்கத்து சீட்ல உக்காந்து, மூஞ்சியப் பாத்தே யாரு எங்க மோதப் போறாங்கன்னு சொல்றவ நான். எங்கிட்ட மறைக்க முடியுமா?"

அது உண்மை. டாக்டர் சொன்ன அந்தக் கணத்தில் அவள் மனதில் முதலில் வந்தது, 'அப்போ தண்ணீர்?' என்பதுதான். சந்தோஷம் அதற்குப் பின்னால்தான் வந்தது, கொஞ்சமே கொஞ்சம் பின்னால். அந்தக் கொஞ்சத்தைப் பார்த்துவிட்டு ஒரு மனுஷி வாரக்கணக்கில் மூச்சு முட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு மருமகள் அழுதாள். ஹாரன் ஒருமுறை அலறியது.

"எழுந்திரு, எழுந்திரு, ஊரே பாக்குது" என்றார் மாமியார். ஆனால் கை அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

"எனக்குத் தண்ணி வேணாம் அத்தை. நீங்கதான் வேணும். இருக்கற பாட்டில வச்சு நான் பாத்துக்கறேன். வந்தா வருது, வராட்டிப் போகுது. இப்பவே இந்த டேப்பக் கிழிங்க. என் கண்ணு முன்னாடி."

மாமியார் பெட்டியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கார்ச் சாவியால் டேப்பைக் கிழித்தார்.

அன்றிலிருந்து மருந்து வீட்டில்தான். மெஷின் உறுமும்போது மருமகள் எதிரே உட்கார்ந்து கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். மறுநாளே டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்ததும் அவள்தான். டாக்டர் மாமியாரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். மகனும் அம்மாவிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினான். அவன் வாழ்நாளிலேயே நீளமான திட்டு அது.

கடைசிப் பாட்டிலையும் அவள் எடுத்தாள். இந்தமுறை குறுக்குவழி எதுவும் கிடையாது. சவ்வுப் பையில் கட்டி, ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றி, மறுபடி மாற்றி, சோப்பின் வாடைகூட இல்லை என்று சோதித்துப் பார்த்த பிறகே புரதத்தைத் தொட்டாள். கிடைத்தது மிகக் கொஞ்சம். எல்லாக் கரைசல்களையும் துளித்துளியாகக் குறைத்துக்கொண்டு, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை செய்தாள். கொதிக்க வைத்த புரதம் சோதனைத் தட்டின் ஒரு குழியில், வைக்காதது ஒரு குழியில், புரதமே இல்லாமல் எல்லாப் படிகளையும் கடந்துவந்த கரைசல் இன்னொன்றில். அப்படியாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் நுண்ணோக்கியின் விளக்கைப் போட்டாள்.

புரதமில்லாத குழி இருட்டு. கொதிக்க வைத்த புரதத்தின் குழியும் இருட்டு. கொதிக்க வைக்காததில் முதலில் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல ஒரு சிவப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. கிருமிகள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன, கொத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிவந்துகொண்டு வந்தன. சோப்பு போலத் தடதடவென்று இல்லை. நிதானமாக, தன் வேலையைத் தெரிந்து செய்கிற நிதானம்.

அப்படியா வெகுநேரம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது வழக்கமான வார்த்தை வரவில்லை. "யாரோட நுரையீரலோ, அவங்களுக்கு நான் கும்பிடு சொன்னேன்னு சொல்லுங்க" என்றார்.

கும்பிடு வாங்கியவர் நேரில் பார்க்காமல் விடுவாரா? மருந்து ஆரம்பித்துச் சில மாதங்கள் கழித்து, அனுமதி வாங்கி, ஒரு மத்தியானம் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். மருமகள் மூன்றாவது மாடியில் நுண்ணோக்கியைத் தயாராக வைத்துக்கொண்டு காத்திருந்தாள். கீழே மாடிப்படியில் ஒரு குரல் கேட்டது.

"லிஃப்ட் ஓடலையாம்! ஊர்ல இருக்கற லிஃப்ட்டெல்லாம் என் புள்ள சரி பண்ணுவான், நான் வர்ற எடத்துல மட்டும் லிஃப்ட் ஓடாது. டேய், வீட்டுக்கு வா, உனக்கு இருக்கு. இது என்ன படியா, மலையா? கைப்பிடியத் தொடச்சு எத்தன வருஷம் ஆச்சு? கிருமிய ஆராய்ச்சி பண்றாங்களாம், கிருமி இங்கதான் இருக்கு..."

பின்னாலிருந்து மகனின் குரல், "கத்தாதம்மா" என்றது. குரல் நிற்கவில்லை. முதல் திருப்பத்தில் நிற்கவில்லை, இரண்டாவதிலும் நிற்கவில்லை. ஒரே மூச்சில் திட்டிக்கொண்டே மேலே ஏறி வந்தது. மருமகள் கையிலிருந்த சொட்டுக் குழாயை மேஜையில் வைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றாள். அதுவரை அவள் காது கேட்டதிலேயே அழகான சத்தம் அதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

மாமியார் நுண்ணோக்கியில் குனிந்தார். "சிவப்பா இருக்கே, அதா நான்?"

"அது கிருமி அத்தை. அத ஓட்டை போட்டதுதான் நீங்க."

கால் தரையில் பலமாக ஒரு மிதி மிதித்தது. "எல்லாத்தையும் போட்டுருமா?"

"இல்ல. நீளமா சர்க்கரைக் கோட்டு போட்டுக்கிட்ட சிலது தப்பிச்சிரும். அது ஏன்னு இனிமேதான் பாக்கணும்."

"எத வச்சுப் பாப்ப? தண்ணிதான் தீந்துபோச்சே. டாக்டர் நேத்துதான் சொன்னாரு, நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்காம்."

"தீந்துபோச்சு" என்றாள் மருமகள்.

மாமியார் நுண்ணோக்கியை விட்டு நிமிர்ந்தார். "இங்க திரும்பு. மூஞ்சியக் காட்டு."

மருமகள் திரும்பினாள். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பார்க்கிற அதே பார்வையால் அவளை மேலும் கீழும் அளந்தார் மாமியார். அன்று டாக்டரிடம் பார்த்த அந்த ஒரு செகண்டைத் தேடினார். கிடைக்கவில்லை போலிருக்கிறது.

"ம். சரி, போலாம்" என்று சொல்லிவிட்டு, படியிறங்கும்போதும் திட்ட ஆரம்பித்தார்.